பிள்ளை பார்க்கும் வேலைக்குச் சங்கம் எதற்கு?

வாசகி ஒருவர் எழுதுகிறார்:

"எனக்கு 41 வயது. நாகர்கோவிலில் ஒரு டாக்டர் தம்பதி வீட்டில் ஆறு வருஷமாகப் பிள்ளை பார்க்கிறேன். மூத்தவன் மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது போனேன். இப்போது இளையவளுக்கு ஒன்றரை வயது. காலை ஏழரைக்குப் போனால் இரவு ஏழரை ஆகும். ஞாயிறு மட்டும் லீவு. சம்பளம் 11,000 ரூபாய். எங்கள் தெரு அக்கா ஒருவர் வீட்டு வேலைத் தொழிலாளர் சங்கத்தில் சேரச் சொல்கிறார். சேர 100 ரூபாய், மாதம் 20 ரூபாய் சந்தா. ஹோம் நர்ஸ் அனுப்பும் ஏஜென்சிக்காரர் ஒருவரோ குழந்தை பராமரிப்பாளர்களுக்கு அசோசியேஷன் தொடங்கியிருக்கிறாராம். 4,500 கட்டினால் சர்டிபிகேட்டும் ஐடி கார்டும் தருவாராம். வீட்டுக்கார அம்மாவிடம் பேச்சுவாக்கில் சங்கத்தைப் பற்றிச் சொன்னேன். 'சங்கமா? நீ எங்க வீட்டு ஆளுல்லா' என்றார்கள். முகம் மாறிவிட்டது. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு உயிர். சங்கத்தில் சேர்ந்தால் எனக்கு ஏதாவது பலன் உண்டா, அல்லது இருக்கிற வேலையும் போய்விடுமா?"

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை வக்கீலாக. இரண்டாம் முறை, என் பிள்ளைகளை ஒரு அம்மாவிடம் விட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு ஓடிய ஒருத்தியாக. எனவே இரண்டு பக்க நியாயமும் எனக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் பதில்: சங்கத்தில் சேருங்கள். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற காரணத்துக்காக அல்ல. சங்கத்தில் சேர்ந்த அடுத்த மாதம் சம்பளம் கூடும் என்று யாராவது சொல்லியிருந்தால் அதை நம்பாதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். உங்கள் அம்மாவோ அத்தையோ அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போனவராக இருக்கலாம். நம் மாவட்டத்தில் அப்படி ஒருவர் இல்லாத குடும்பம் குறைவு. அங்கே சங்கம் வேலை செய்யும் விதம் எல்லாருக்கும் தெரியும். ஒரே கூரை, ஒரே முதலாளி, நூறு பெண்கள். அண்டி உடைக்கிற கை நின்றால் மாலைக்குள் ஆபீசிலிருந்து ஆள் வந்து பேசும். போனஸ் கேட்டது, கூலி கேட்டது எல்லாம் அப்படித்தான். உங்கள் நிலை வேறு. உங்கள் முதலாளி ஒரே குடும்பம், அந்தக் குடும்பத்துக்குத் தொழிலாளி நீங்கள் ஒருத்தி. நீங்கள் வேலையை நிறுத்தினால் நிற்பது மிஷின் இல்லை, ஒன்றரை வயதுக் குழந்தையின் சாப்பாடு. உங்களுக்கு மனசு வராது. அது அவர்களுக்கும் தெரியும்.

சட்டமும் இங்கே உங்கள் பக்கம் முழுசாக நிற்கவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் தொழிலுறவுகள் பற்றிய தொகுப்பு, 'தொழில்' என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில் வீட்டுப் பணியைப் பெயர் சொல்லியே ஒதுக்கிவிட்டது. அதாவது, நாளைக்கு உங்களைக் காரணமில்லாமல் நிறுத்தினால், ஆலைத் தொழிலாளி போவதுபோல லேபர் கோர்ட்டுக்கு உங்களைக் கூட்டிப்போக என்னால் முடியாது. வீட்டுப் பணியாளர்களுக்கென்று தனிச் சட்டம் தேவையா என்று ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அது நல்ல செய்திதான். ஆனால் அதை வைத்து இந்த மாதம் அரிசி வாங்க முடியாது.

அப்படியானால் சங்கம் எதற்கு? சாட்சிக்கு.

நீங்கள் வேலை செய்கிற இடத்தில் உங்களுக்குச் சாட்சி கிடையாது. கதவைச் சாத்தினால் உள்ளே நீங்களும் பேசத் தெரியாத ஒரு குழந்தையும். பிள்ளை கட்டிலிலிருந்து விழுந்தால் நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா இல்லையா என்று சொல்ல ஆளில்லை. சிசிடிவி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அந்தப் படம் அவர்கள் போனில்தான் ஓடும். உங்களுக்குத் தேவைப்படும் நாளில் உங்கள் கைக்கு வராது.

பல வருஷங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பெண்ணைச் சொல்கிறேன். பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டிப் பார்த்துக்கொள்கிற வேலை. ஒரு நாள் குழந்தையின் தங்க அரைஞாணைக் காணோம். வீட்டில் ஆறு பேர் இருந்தும் சந்தேகம் விழுந்தது இவள் ஒருத்திமேல். ஒரு காவல் நிலையத்தில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை பெஞ்சில் உட்கார்த்தி வைத்தார்கள். கணவர் கடலுக்குப் போயிருந்தார். ஐந்தாம் நாள் அரைஞாண் கிடைத்தது, பவுடர் டப்பாவும் துணியும் வைக்கிற கூடைக்கு அடியில். வீட்டார் வருத்தம் தெரிவித்தார்கள், மறுபடி வேலைக்கும் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. அந்தத் தெருவில் வேறு யாரும் அவளைக் கூப்பிடவும் இல்லை. பொருள் கிடைத்த செய்தி, காணாமல்போன செய்தி போன தூரத்துக்குப் போகாது.

இதே மாதிரி இன்னொரு சம்பவம், ஒரு ஜோடி வளையல். அந்தப் பெண் சங்கத்தில் இருந்தாள். மதியத்துக்குள் பத்துப் பதினொரு பெண்கள் நிலைய வாசலில் வந்து நின்றார்கள். கோஷம் எதுவும் போடவில்லை. ஒருத்தி உள்ளே போய், "எழுத்தில் புகார் இருக்கா சார்? விசாரிக்கணும்னா அவ வீட்டுக்கு வந்து விசாரிங்க" என்று கேட்டாள். சாட்சி விசாரணைக்காக ஒரு பெண்ணை அவள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லக்கூடாது என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இருந்தது, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் இருக்கிறது. குற்றவாளி என்று சந்தேகப்பட்டால் அதற்கு முறையாக நோட்டீஸ் தர வேண்டும். அரை மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். வளையல் கிடைத்ததா என்று எனக்கு ஞாபகமில்லை. அவள் இப்போதும் வேலை செய்கிறாள் என்பது தெரியும்.

உங்கள் இருபது ரூபாய் இதற்குத்தான்.

சந்தாவுக்கு வேறு பலன்களும் உண்டு, ஆனால் அவற்றில் பாதியைச் சங்கம் இல்லாமலும் வாங்கலாம். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்றே 2007 முதல் ஒரு நலவாரியம் இருக்கிறது. 18 வயது முதல் 60 வயது வரை பதியலாம். பிள்ளைகள் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, கண்ணாடிக்கு, விபத்துக்கு உதவித்தொகை, 60 வயதுக்குமேல் ஓய்வூதியம் என்று திட்டங்கள் உண்டு. ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய்தான். பெரிய பணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது பதிந்தவருக்குத்தான் வரும், 59 வயதில் ஓடிப்போய்ப் பதிந்தால் நடக்காது. உங்களுக்கு 41 ஆகிறது, இப்போதே பதியுங்கள். ஆன்லைனிலும் செய்யலாம், நாகர்கோவிலில் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்திலும் கேட்கலாம். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பதிந்து தருகிறேன் என்று ஐநூறு, ஆயிரம் கேட்பவர் சங்கக்காரராக இருந்தாலும் சரி, கட்சிக்காரராக இருந்தாலும் சரி, கொடுக்காதீர்கள். இன்னொன்று, மத்திய அரசின் இ-ஷ்ரம் அட்டை வைத்திருந்தால் நலவாரிய அட்டையும் இருக்கிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இது வேறு, அது வேறு.

இதில் சங்கம் உதவும் இடம், ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க ஞாபகப்படுத்துவது, திருப்பி அனுப்பிய மனுவைத் திரும்பக் கொண்டுபோவது. கேட்கச் சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் காலை ஏழரை முதல் இரவு ஏழரை வரை இன்னொருவர் வீட்டில் இருக்கிற உங்களால் எந்த அலுவலகத்துக்குப் போக முடியும்?

அப்புறம் சம்பளக் கணக்கு. நீங்கள் போட்டுப் பார்த்திருக்க மாட்டீர்கள், நான் போட்டேன். தினம் 12 மணி நேரம், மாதம் 26 நாள், ஆக 312 மணி நேரம். 11,000-ஐ அதால் வகுத்தால் மணிக்கு 35 ரூபாய் சொச்சம். 2018-இல் தமிழ்நாடு அரசு வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தபோதே தொடக்கம் மணிக்கு 37 ரூபாய். அப்போது வெங்காயம் என்ன விலை, இப்போது என்ன விலை என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த டாக்டர் தம்பதி கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. மாதச் சம்பளமாகப் பார்த்தால் 11,000 அவர்களுக்குக் கௌரவமான தொகையாகத்தான் தெரியும். மணிக்கணக்கில் யாரும் போட்டுக் காட்டியிருக்க மாட்டார்கள். நல்ல சங்கமாக இருந்தால் இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கும். ஒரு பகுதியில் இருக்கிற பெண்கள் எல்லாரும் கூடி, ஒரு குழந்தைக்கு இவ்வளவு, இரண்டு குழந்தைக்கு இவ்வளவு, எட்டு மணி நேரத்துக்குமேல் இவ்வளவு என்று பேசி வைத்துக்கொள்ளும். ஒருத்தி 15,000 கேட்கும்போது அடுத்த தெருக்காரி 9,000-க்கு வருகிறேன் என்று சொல்லாமல் இருந்தால் அதுவே பாதி வெற்றி. கஷ்டமான பாதி.

இப்படிக் கூடுவது நடக்காத காரியம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவிலும் 1935-ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டம் வீட்டுப் பணியாளர்களை வெளியே விட்டுவிட்டது. நியூயார்க்கில் பிள்ளை பார்க்கும் பெண்களும் வீட்டு வேலைப் பெண்களும் பூங்காக்களில் ஒருவரிடம் ஒருவர் பேசிப் பேசியே திரண்டார்கள். 2010-இல் அந்த மாநிலம் அவர்களுக்கென்று ஒரு சட்டம் போட்டது. கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் கூலி, வாரம் ஒரு நாள் ஓய்வு, ஒரு வருஷம் முடித்தால் சம்பளத்தோடு மூன்று நாள் விடுப்பு. மூன்றே மூன்று நாள்! அதற்கே பல வருஷம் ஆனது. நம் வேப்பமூடு பூங்காவில் சாயங்காலம் போய்ப் பாருங்கள், ஊஞ்சல் பக்கத்தில் நிற்கிற பெண்களில் எத்தனை பேர் அந்தப் பிள்ளைகளின் அம்மா இல்லை என்று தெரியும்.

நம் நாட்டுக்குள்ளேயே ஒன்று சொல்லட்டுமா? அங்கன்வாடி அக்காமார் செய்வதும் பிள்ளை பார்க்கும் வேலைதான். அவர்களுக்குக் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை உண்டு என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் திட்டம் 1975-இல் தொடங்கியது. நடுவில் எத்தனை வருஷம், எத்தனை மறியல், எத்தனை மனு என்று பாருங்கள். உங்களுக்கு இன்னும் கிராஜுவிட்டி என்ற சொல்லே வரவில்லை.

சரி, 4,500 ரூபாய் அசோசியேஷனுக்கு வருகிறேன்.

பெயரைக் கேட்டதும் நான் சிரித்துவிடவில்லை. தொழில்முறை அமைப்பு என்பது மோசமான விஷயம் அல்ல. வெளிநாட்டில் பிள்ளை பார்ப்பவர்களுக்கு அப்படி அமைப்புகள் இருக்கின்றன. பயிற்சி, தேர்வு, மாநாடு எல்லாம் நடத்துகிறார்கள், தேறியவர் கூடுதல் சம்பளம் கேட்கிறார். ஆனால் அவற்றில் ஆள் அனுப்பும் ஏஜென்சிகளும் உறுப்பினராக இருப்பதுண்டு. சண்டை என்று வந்தால் அவை உங்களுக்காக வந்து நிற்கா, நிற்பதாகச் சொல்லவும் இல்லை. நீங்கள் சொல்கிற அமைப்போ ஏஜென்சிக்காரரே தொடங்கியது. ஆள் அனுப்பிக் கமிஷன் வாங்குகிறவர், அதே ஆளிடம் உறுப்பினர் கட்டணமும் வாங்குகிறார். அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பயிற்சி எத்தனை நாள், யார் சொல்லித் தருகிறார்? சர்டிபிகேட்டில் யார் கையெழுத்து? வேறு ஏஜென்சி மூலம் வேலைக்குப் போனால் அந்த அட்டை செல்லுமா? மூன்றாவது கேள்விக்கு அவர் தண்ணீர் குடித்தால் நீங்கள் எழுந்து வந்துவிடலாம்.

பயிற்சிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குத் தொண்டையில் ஏதாவது அடைத்தால் என்ன செய்வீர்கள்? நம்மில் பாதிப்பேர் விரலை உள்ளே விட்டுத் துழாவுவோம். அது இன்னும் உள்ளே தள்ளிவிடும். முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை கீழாக இருக்கும்படி பிடித்து, முதுகில் ஐந்து தட்டு. அப்புறம் திருப்பி, நெஞ்சில் ஐந்து அழுத்து. வெளியே வரும்வரை மாற்றி மாற்றி. இதைப் பொம்மையை வைத்துச் செய்து பார்த்துப் பழக்குகிற முதலுதவி வகுப்பு எங்கே நடந்தாலும் போங்கள். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற அமைப்புகள் நடத்துகின்றன. அந்தச் சான்றிதழைக் காட்டி ஐநூறு ரூபாய் கூடக் கேட்டால் எந்த டாக்டர் வீட்டிலும் மறுக்க வெட்கப்படுவார்கள். திருவனந்தபுரத்தில், சுயதொழில் பெண்களின் சங்கமான சேவா அமைப்பின் பெண்கள், வீட்டுப் பணிக்கும் பராமரிப்பு வேலைக்கும் பயிற்சி கொடுத்துத் தாங்களே வீடுகளுக்கு ஆள் அனுப்பும் ஏற்பாட்டை நடத்தியிருக்கிறார்கள். சங்கமும் அவர்களே, ஏஜென்சியும் அவர்களே. கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் அப்படி ஒன்று வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. (1972-இல் சேவாவைச் சங்கமாகப் பதிய அகமதாபாத்தில் அதன் நிறுவனர் இலா பட் போனபோது, "முதலாளியே இல்லாமல் யாரை எதிர்த்துச் சங்கம்?" என்றுதான் அதிகாரிகள் இழுத்தடித்தார்கள். சங்கம் என்பது ஒருவரை எதிர்க்க மட்டுமல்ல, தொழிலாளிகள் ஒன்றாக இருக்கவும்தான் என்று வாதாடிப் பதிந்தார்கள்.)

சங்கம் என்று பலகை மாட்டியதெல்லாம் சங்கம் ஆகிவிடாது, அதையும் சொல்ல வேண்டும். கார்டு போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த தேர்தல்வரை காணாமல் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கூட்டத்துக்கு ஆள் கூட்டுவதற்காகவே உறுப்பினர் சேர்க்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். எனவே தெரு அக்காவிடம் பதிவு எண் கேளுங்கள். சந்தாவுக்கு ரசீது தருவார்களா, கடைசியாகப் பொதுக்குழு எப்போது கூடியது என்று கேளுங்கள். சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க உறுப்பினருக்கு உரிமை உண்டு என்பது 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்திலிருந்தே வருவது. அரசியல் நிதிக்குப் பணம் தரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்பதும் அதில் இருந்தது. கடந்த ஒரு வருஷத்தில் யாருக்காகவாவது போலீஸ் நிலையத்துக்கோ ஒரு வீட்டு வாசலுக்கோ போய்ப் பேசினார்களா? அந்தக் கேள்விக்கு அக்கா ஒரு பெயரும் ஒரு சம்பவமும் சொன்னால் நூறு ரூபாயைத் தாராளமாகக் கொடுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வேலை செய்யும் வீட்டில் எந்த ஆணாவது தவறாக நடந்தால், 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டுப் பணியாளர்களுக்கும் பொருந்தும். மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம். முகாந்திரம் இருந்தால் அந்தக் குழு ஏழு நாளில் அதைப் போலீசுக்கு அனுப்ப வேண்டும். தனியாக இந்தப் படியேற யாருக்கும் தைரியம் வராது. கூட ஒருத்தி வேண்டும்.

இனி வீட்டுக்கார அம்மாவின் முகம். "எங்க வீட்டு ஆளுல்லா" என்று அவர் சொன்னது பொய்யில்லை. மனசாரத்தான் சொல்லியிருப்பார். ஆனால் வீட்டு ஆள் என்றால் லீவு போட்ட நாளுக்குச் சம்பளம் பிடிப்பதில்லை. வீட்டு ஆளுக்கு வயதானால் வீடு பார்த்துக்கொள்ளும். இதை நீங்கள் அவரிடம் சொல்ல வேண்டாம், உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். பிள்ளைகள்மேல் உயிர் என்று எழுதினீர்கள். அந்த உயிருக்குச் சங்கத்தால் ஒன்றும் ஆகாது. என் பிள்ளைகளைப் பார்த்த அம்மா, சம்பளம் கூட்டச் சொல்லி என்னிடம் சண்டை போட்ட அன்றும் சாயங்காலம் என் மகனுக்குக் கதை சொல்லித்தான் சோறு ஊட்டினார். அன்றைக்கு எனக்கும் முகம் மாறியது. வக்கீலாக இருந்தும் மாறியது. ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது.

வேலை போய்விடுமா என்ற கேள்விக்கு உத்தரவாதம் தர என்னால் முடியாது. ஆனால் ஆறு வருஷம் இரண்டு பிள்ளைகளை வளர்த்த கையை, அதுவும் ஒன்றரை வயதுக் குழந்தை வீட்டில் இருக்கும்போது, இருபது ரூபாய்ச் சந்தாவுக்காக அனுப்பிவிடுகிற குடும்பம் அபூர்வம். சங்கத்தில் சேர்ந்ததை அறிவிப்புபோலப் போய்ச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கேட்டால் மறைக்க வேண்டாம், அவ்வளவுதான்.

சொல்ல வேண்டியது வேறு. ஒரு தாளில் எழுதிக் கேளுங்கள். வேலை நேரம் எது முதல் எது வரை, அதற்குமேல் நின்றால் மணிக்கு எவ்வளவு, சம்பளத் தேதி, வருஷத்துக்கு எத்தனை நாள் சம்பளத்தோடு லீவு. அவர்கள் வெளியூர் போகும் நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்பதை முக்கியமாக எழுதுங்கள், நம் ஊரில் தகராறு வருவதெல்லாம் அங்கேதான். நிறுத்துவதென்றால் இரண்டு பக்கமும் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும். சம்பளம் இனி வங்கிக் கணக்கில் வரட்டும், அதுவும் ஒரு சாட்சி. "அம்மா, எனக்கு மறதி வருது, எழுதி வச்சா ரெண்டு பேருக்கும் நல்லதுல்லா" என்று சொல்லிப் பாருங்கள். டாக்டர்கள் எழுதி வைப்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கோட்டாறு சவேரியார் திருவிழாக் கொடியேறுவதற்குள் இதைப் பேசி முடித்துவிடுங்கள். டிசம்பர் பிறந்துவிட்டால் எல்லா வீட்டிலும் ஊருக்குப் போகிற பேச்சுத்தான் இருக்கும், தாளை யாரும் கையில் வாங்க மாட்டார்கள்.